இஸ்தோப்பில் தூங்கும் பைக்

ஐப்பசி பிறந்து, நமுனுகுல மலை மதியத்துக்குப் பிறகு கண்ணுக்கே தெரியாமல் போகத் தொடங்கினால் எங்கள் லயங்களில் ஒரு வேலை ஆரம்பமாகும். இஸ்தோப்பில் அடுக்கிய விறகைக் கொஞ்சம் ஒதுக்கி, கோழிக்கூட்டைத் தள்ளிவைத்து, பைக்கை உள்ளே ஏற்றுவார்கள். மேலே போர்த்த ஏதாவது ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. பல வீடுகளில் அது போன தேர்தலுக்குக் கட்டிய பெனர்தான். வாக்குக் கேட்டுச் சிரித்த முகம் பெற்றோல் டாங்கி மேல் விரிந்து கிடக்கும். "ஐயா இப்பதான் நமக்கு ஒரு உதவி செய்றாரு" என்று யாராவது சொல்லாமல் அந்த வேலை முடியாது.

கனடா மாதிரிப் பனி கொட்டும் நாடுகளில் கார்த்திகை தொடங்கும்போதே மோட்டார் சைக்கிளைக் கழுவித் துடைத்து, பெட்டரியைக் கழற்றி, பங்குனி சித்திரை வரைக்கும் மூடி வைத்துவிடுவார்கள். அங்கே போன நம்ம பொடியன்கள் போனில் இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், அதே வேலையைத்தான் நாங்களும் செய்கிறோம். எங்களுக்குப் பனிக்கட்டி இல்லை. மழையும், மூடுபனியும், சேறும், மண்சரிவும் இருக்கின்றன.

அப்படியானால் இந்த வேலையை மலையில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது? மழைக்கு ஒதுங்க இடம் முதலில் எதற்குக் கிடைத்தது? வண்டிக்கா, வண்டியைத் துடைத்தவருக்கா? பைக்கைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தோம். அது எங்களைத் தோட்டத்துச் சரித்திரத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் குளிர்காலம்

முதலில் ஊவாவின் வானத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மத்திய மலைநாட்டுக்கு மேற்கே ஹட்டன், நோர்வூட் பக்கம் வைகாசி, ஆனியில் தென்மேல் பருவ மழை கொட்டும்போது, நடுவில் நிற்கும் மலைத்தொடர் அந்த மழையைத் தடுத்துவிடும். எங்கள் பக்கம் வருவது ஈரம் கழன்ற கச்சான் காற்று மட்டும்தான். அந்தக் காய்ந்த காற்றால்தான் ஆடி, ஆவணியில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருகிறது. உலகச் சந்தையில் ஊவாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தக் காற்று.

எங்களுக்கு மழை ஐப்பசியில் தொடங்கி தை வரைக்கும். முதலில் பின்னேரத்து இடிமழை, பிறகு வடகீழ்ப் பருவத்தின் நாள்கணக்கான தூறல். பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றரைத் தாண்டும். ஹப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டும். ஒரே மாவட்டத்துக்குள் முப்பது நாப்பது கிலோமீற்றர் ஓடினால் வேட்டியோடு இருக்கலாம் என்ற ஊரிலிருந்து ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாத ஊருக்கு வந்துவிடுகிறோம். பைக்குக்கும் அதே வித்தியாசம் தெரியும். ஆயிரம் மீற்றர் மேலே போனால் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு அளவு குறைகிறது. பதுளையில் சரியாக டியூன் பண்ணிய காபரேட்டர் ஹப்புத்தளையில் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் குடிக்கும். ஸ்பார்க் பிளக் கறுத்துப்போகும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. மலை அப்படி.

குதிரையும் கம்பளியும்

மோட்டார் சைக்கிள் வருவதற்கு முன்னால் தோட்டத்தில் துரை குதிரையில் வந்தார். கோப்பிக் காலத்திலிருந்தே அப்படித்தான். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, அடுத்த இருபது வருடத்தில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னை தோட்டத்தை வாங்கினார். பயிர் மாறியது, முதலாளி மாறினார். துரை குதிரையில் வருவதும், குதிரைக்காரன் பின்னால் நடந்து வருவதும் மாறவில்லை.

குதிரைக்கு லாயம் இருந்தது. மழையில் நனைந்து வந்தால் வைக்கோலால் தேய்த்துத் துடைத்து, உலர்ந்த இடத்தில் கட்டி, மேலே கம்பளி போர்த்த ஆள் இருந்தது. அந்த ஆள் தமிழ்நாட்டின் ஏதோ ஒரு வறண்ட கிராமத்திலிருந்து வந்த தொழிலாளி. குளிர் என்றால் என்னவென்று மலையேறிய பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவருக்கும் கம்பளி கிடைத்தது, இனாமாக இல்லை. தோட்டம் மழைக்காலத்துக்குக் கொடுத்த முரட்டுக் கம்பளியின் விலை தொழிலாளியின் கணக்கில் ஏறியது. அரிசிக் கடன், பயணக் கடன், கங்காணி கடன், அதோடு கம்பளிக் கடன். அந்தக் கடன் தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதபடி 'துண்டு' முறை கட்டி வைத்திருந்தது. 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்தக் கம்பளியைத் தலையில் மடித்துப் போட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மழைக்குள் நின்றார்கள். பிறகு கம்பளி போய் பொலித்தீன் வந்தது. இடுப்புப் படங்கு இன்றும் இருக்கிறது.

குதிரையின் கம்பளிக்கு விலை இருந்தது, ஆனால் குதிரைக்குக் கடன் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாங்க.

துரையின் பைக்

இன்றைய 'டேர்ட் பைக்' என்ற வண்டிக்குப் பின்னால் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று பந்தயம், மற்றது போர்.

1924 மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் கேம்பர்லி என்ற ஊரில் சேறும் மேடும் நிறைந்த ஒரு காட்டு வழியில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்று நடந்தது. மோட்டோகுரோஸ் விளையாட்டின் ஆரம்பம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதே 1924இல்தான் மலைநாட்டு ரயில் பாதை பதுளை வரைக்கும் வந்து முடிந்தது. அங்கே பொழுதுபோக்குக்காகச் சேற்றில் வண்டி ஓட்டத் தொடங்கிய வருடத்தில், இங்கே பெரும்பாலானவர்கள் வேறு வழி இல்லாமல் சேற்றில் நடந்துகொண்டிருந்தார்கள்.

போர்க்கதை அதைவிடப் பெரியது. இரண்டு உலகப் போர்களிலும் செய்தி கொண்டு போனவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்கள். பி.எஸ்.ஏ எம்20, நோர்ட்டன் 16எச், மெச்லெஸ் ஜி3எல் போன்றவை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் வண்டிகள். ரோடு இல்லாத இடத்தில், உறையும் குளிரில், கிடைத்த எண்ணெயைப் போட்டு ஓட்ட வேண்டியிருந்ததால், குளிரில் வண்டியை எப்படிக் கிளப்புவது, எப்படிப் பாதுகாப்பது என்ற அறிவு படைமுகாம்களில் வளர்ந்தது. போர் முடிந்ததும் மிஞ்சிய வண்டிகள் ஊர்ச் சந்தைக்கு வந்தன.

ஊவாவில் படைமுகாம் என்றால் தியத்தலாவைதான். 1900இலிருந்து 1902 வரை, தென்னாபிரிக்காவில் பிரிட்டிஷார் பிடித்த போயர் கைதிகளில் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை இங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். பிறகு அது படைகள் ஓய்வெடுக்கும் இடமாகவும் பயிற்சித் தளமாகவும் நீடித்தது. இன்று இலங்கை இராணுவத்தின் பயிற்சிக் கல்லூரி இருப்பதும் அங்கேதான். எச்.எம்.எஸ். ஃபொக்ஸ் என்ற கப்பலின் மாலுமிகள் அங்கே ஒரு மலைச்சரிவில் வெள்ளைக் கல்லால் நரி உருவம் ஒன்றைப் பதித்தார்கள். ஃபொக்ஸ் ஹில் என்ற பெயர் அப்படி வந்தது. அந்த மலைக்குப் பிறகு வருவோம்.

தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் முதலில் சின்னத்துரையின் வண்டியாகத்தான் அறியப்பட்டது. பெரிய துரைக்குக் கார், சின்னத்துரைக்குப் பைக். எங்கள் தாத்தாமாரிடம் கேட்டால் வண்டியின் பெயர் ஞாபகம் இருக்காது, சத்தம் ஞாபகம் இருக்கும். கீழ் மலையில் பைக் சத்தம் கேட்டால் மேல் மலையில் குனிந்த தலைகள் இன்னும் குனியும். கங்காணியின் குரல் கூடும். ஒரு எஞ்சின் சத்தத்துக்கு எத்தனை பேர் முதுகெலும்பு பதில் சொல்லியது என்பதை எந்தச் செக்ரோலிலும் எழுதி வைக்கவில்லை.

அந்த பைக்கைத் துடைத்தவர் யார்? பழைய குதிரைக்காரனின் இடத்துக்கு வந்த பங்களா ஆட்கள், ஸ்டோரில் எஞ்சினோடு பழகியவர்கள், லொறி டிரைவரின் கையாட்கள். ரோதையையும் ரோலரையும் ஓட்டிய ஸ்டோர், எங்கள் ஆட்களுக்கு ஒரு தொழில்நுட்பப் பள்ளிக்கூடம் மாதிரி. எந்த நட்டுக்கு எந்தச் சாவி, ஒயிலை விரலில் தேய்த்துப் பார்த்தால் என்ன தெரியும், ஈரத்தில் பெல்ட் ஏன் வழுக்கும் என்பதெல்லாம் சான்றிதழ் இல்லாமல் படித்த பாடங்கள். துரையின் வண்டி பங்களா கராஜில் உலர்ந்து நின்றது. அதைத் துடைத்தவர் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒழுகும் தகரத்துக்குக் கீழே குடும்பத்தோடு படுத்தார். வண்டியை எப்படி மழையிலிருந்து காப்பது என்ற அறிவு எங்கள் ஆட்களிடம் இருந்தது. காப்பாற்ற வண்டிதான் இல்லை.

தபால்காரன் வண்டி

அது கைக்கு வர நீண்ட காலம் எடுத்தது. காசு இல்லாதது மட்டும் காரணம் இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று ஆட்களை எண்ணிப் பிரித்தது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அடையாள அட்டை எடுப்பதே போராட்டம். அடையாள அட்டை இல்லாமல் லைசன்ஸ் எடுப்பது எப்படி? எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவருக்கு அதைச் சட்டப்படி ஓட்ட வழி இல்லை. மீதமிருந்த நாடற்றவர்களின் பிரச்சினைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இதற்கிடையில் உலகத்தில் வண்டி மாறியிருந்தது. 1958இல் ஹொண்டா சுப்பர் கப் வந்தது. 1968இல் யமஹா டிடி1 வந்தது. ரோட்டிலும் ஓடும், காட்டுப் பாதையிலும் ஏறும் 'ட்ரெயில் பைக்' சாதாரண ஆட்கள் வாங்கும் பொருளானது அதற்குப் பிறகுதான். இலங்கையில் 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பான் வண்டிகள் தாராளமாக வந்தன. தோட்டங்கள் அதற்கு முன்பே, 1972இலும் 1975இலும், அரசுடைமையாகி வெள்ளைக்காரத் துரைமார் போயிருந்தார்கள். துரை போனாலும் 'துரை' என்ற சொல் போகவில்லை. சின்னத்துரையின் பைக்கும் போகவில்லை, பிராண்ட் மட்டும் மாறியது.

மலையில் பிறகு பரவிய வண்டிகளில் ஒன்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எம்.டி. 90. ஜப்பான் தபால்காரர்களுக்காகவே ஹொண்டா செய்த சிவப்பு வண்டி. அங்கே ஓடி ஓய்ந்த பிறகு இங்கே வந்து, பழுது பார்த்து, விற்பனைக்கு நின்றது. பார்க்க ஸ்டைல் இல்லை, வேகமும் இல்லை. ஆனால் தினமும் நூறு வீட்டு வாசலில் நின்று நின்று போகவும், பனி விழும் காலையில் முதல் உதையிலேயே கிளம்பவும் செய்யப்பட்ட எஞ்சின் அது. பெயரில் டேர்ட் பைக் இல்லை. எங்கள் தோட்டத்து ரோட்டில் அதைவிட உண்மையான டேர்ட் பைக்கை நாங்கள் பார்த்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜப்பானில் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கடிதம் கொண்டு போன வண்டி, வாசலுக்குக் கடிதமே வராத லயத்துக்கு வந்து சேர்ந்தது. லயக் காம்பராக்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலோ, என்றைக்கோ வரும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி முடிந்து கிடைத்த கதை எங்கள் வட்டத்திலேயே இரண்டு பேருக்கு உண்டு. தபால் வண்டி வந்துவிட்டது, தபால் இன்னும் வரவில்லை.

நாடே வண்டியை மூடி வைத்த வருடம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு பழைய பைக்கின் விலை புதிய பைக்கின் விலையைத் தாண்டிப் போனது. 2022இல் பெற்றோலும் இல்லாமல் போனது. ஜூன் 27 நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். இரண்டு லீற்றர் பெற்றோல் போட்டால் ஒரு நாள் பேர் முடிந்தது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். அந்த முறை 2023 செப்டம்பர் முதலாம் திகதிதான் நின்றது.

அந்த மாதங்களில் பனி கொட்டாமலேயே எங்களுக்கு ஒரு கனடாக் குளிர்காலம் வந்தது. லயம் லயமாக பைக்குகள் இஸ்தோப்பில் ஏறின. எப்படி மூடி வைப்பது என்று தெரியாததால்தான் பல வண்டிகள் கெட்டன. மீண்டும் பெற்றோல் கிடைத்தபோது பதுளையிலும் பண்டாரவளையிலும் கராஜ்களின் முன்னால் கிளம்பாத வண்டிகள் வரிசையாக நின்றதைப் பார்த்தோம். எங்களுக்கு வழக்கமாக வேலை பார்க்கும் பாஸ் ஒவ்வொரு காபரேட்டராகக் கழற்றி, அடியில் தேன் மாதிரி ஒட்டியிருந்த பிசினைக் காட்டினார். "தம்பி, வண்டி ஓடித் தேயுறதவிட நின்னு கெடுறதுதான் கூட" என்றார். அவரிடம் கேட்டதையும் நாங்கள் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். வருகிற ஐப்பசிக்கு யாருக்காவது உதவும்.

மூடி வைப்பது எப்படி, ஏன்

பெற்றோல் தங்காத பொருள். அதில் லேசான பகுதி ஆவியாகிப் போகும், மிஞ்சுவது காற்றோடு சேர்ந்து பிசினாகும். காபரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது, ஊசி முனை அளவு. அதை அடைக்க ஒரு துளிப் பிசின் போதும். அதனால் ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதென்றால் பெற்றோல் டெப்பைப் பூட்டிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். பிறகு காபரேட்டரின் அடியிலுள்ள ஸ்குருவைத் தளர்த்தி மிச்சத்தையும் வடியுங்கள்.

டாங்கியை நிரப்பி வைக்கச் சொல்கிறது வெளிநாட்டுக் கையேடு. உள்ளே வெற்றிடம் இருந்தால் ஈரக்காற்று புகுந்து, குளிரில் நீராகி, துருப் பிடிக்கும் என்பது காரணம். சரியான காரணம்தான். ஆனால் கிழமைக்கு நாலு லீற்றர் கிடைத்த காலத்தில் யார் டாங்கியை நிரப்புவது? நிரப்பினாலும் விடியும்போது குழாய் போட்டு உறிஞ்சிவிட மாட்டார்களா? அதனால் எங்கள் பாஸ் சொன்னது மறுபக்கம்: முழுக்க வடித்துவிடு, உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு எல்லாப் பக்கமும் படுகிற மாதிரி ஆட்டிவிடு, மூடியை இறுக்கிப் பூட்டு. அரையும் குறையுமாக விடுவதுதான் கெடுதல்.

எஞ்சின் ஒயிலை மூடி வைப்பதற்கு முன்னால் மாற்ற வேண்டும், பிறகு மாற்றுவது பிந்திய வேலை. ஓடிய ஒயிலில் எரிந்த பெற்றோலின் அமிலமும் தண்ணீரும் கலந்திருக்கும். அது மாதக்கணக்கில் பெயாரிங்கில் ஊறினால் அரிக்கும். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கிக்கரை மெதுவாக இரண்டு மூன்று தரம் மிதித்தால் சிலிண்டர் சுவரில் படலம் படியும். பெட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒரு தரம் சார்ஜ் போடுங்கள். காலியாகக் கிடக்கும் பெட்டரியின் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. செயினைத் துடைத்து ஒயில் பூசுங்கள். சைலன்சர் வாயைத் துணியால் அடையுங்கள். குளவி மண்கூடு கட்டிவிடும். சீட்டுக்கு அடியில் எலி வயரைக் கடிக்கும். லயத்தில் எலிக்குப் பஞ்சமா?

ஒரு தவறான பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் பலர் "வண்டி சாகாம இருக்க" என்று தினமும் காலையில் ஒரு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தினார்கள். எஞ்சின் சூடேறுவதற்கு முன்னால் நிறுத்தினால், எரிவதில் உண்டாகும் நீராவி சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் தண்ணீராகத் தங்கிவிடும். ஒன்று நன்றாகச் சூடேற ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

ஆனால் எல்லாரும் மூடி வைக்க முடியாது. பால் கொண்டு போகிறவர், மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறவர், பதுளையில் கடையில் நிற்கிற தங்கச்சியைப் பஸ்ஸுக்கு விடுகிறவர் மார்கழியிலும் ஓட்டத்தான் வேண்டும். அவர்களுக்குச் சில விசயங்கள். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் சரியாக ஆவியாகாது, அதற்குத்தான் சோக். கிளம்பிய பிறகு சோக்கைத் தள்ள மறந்தால் பிளக் கறுக்கும், மலைக்காற்று ஏற்கெனவே மெல்லியது. தண்ணீருக்குள் போய் வந்த ட்ரம் பிரேக் உடனே பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக அழுத்தி, ஷூவைச் சூடாக்கிக் காயவிட்ட பிறகுதான் இறக்கத்துக்குப் போக வேண்டும்.

பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் இறக்கத்தில் விடுவதை அந்த வருடம் எல்லாருமே செய்தோம். நாங்களும் செய்தோம். செய்யக் கூடாத வேலை அது. இறக்கத்தில் பாதிப் பிரேக் எஞ்சின்தான். யமஹா டிடி125 மாதிரியான டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதற்கு ஒயில் பெற்றோலோடு சேர்ந்துதான் போகிறது. கியரில் போட்டு அக்சிலேட்டரை முழுக்க மூடி நீண்ட இறக்கம் இறங்கினால் பிஸ்டனுக்கு ஒயில் பற்றாது. இடையிடையே கொஞ்சம் திறந்து விட வேண்டும்.

உடம்புக்கு? ஜக்கெட்டுக்குள்ளே நெஞ்சுக்கு நேரே மடித்த பத்திரிகை, கையுறைக்கு மேலே சொப்பிங் பேக். பழைய முறைதான், இன்றும் வேலை செய்கிறது. விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க ஒரு நொடி பிந்தும். எங்கள் வளைவுகளில் அந்த ஒரு நொடி பெரியது.

ரோடும் உயிரும்

டேர்ட் பைக் என்றால் நம்ம வயதுக்காரர்களுக்கு ஃபொக்ஸ் ஹில் ஞாபகம் வரும். 1990களிலிருந்து தியத்தலாவையில் நடக்கும் பந்தயம், பல வருட இடைவெளிக்குப் பிறகு 2024 ஏப்ரல் 21இல் மீண்டும் நடந்தது. மழைக்கு இடைப்பட்ட சித்திரை மாதம்தான் மலைநாட்டில் பந்தயக் காலம். அன்று ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் புகுந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அதில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. பார்க்கப் போன சாதாரண சனம் அவர்கள். பந்தயத்தின் தூசியை ரசிக்கும் எங்களுக்கும் அந்த நாள் தொண்டையில் நிற்கிறது.

பந்தயத்தில் சேறு ஒரு விளையாட்டு. தோட்டத்தில் அதுதான் ரோடு. மெயின் ரோட்டிலிருந்து லயத்துக்குப் போகும் பாதை பெரும்பாலும் தோட்டத்துக்குச் சொந்தம். அதைத் திருத்துவது கம்பெனியா, பிரதேச சபையா என்ற கேள்விக்கு மழைக்கு முன்னால் பதில் வருவதே இல்லை. அம்புலன்ஸ் கீழே நிற்கும். வலி கண்ட பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிய காலம் எங்கள் அம்மாமாருக்கு நன்றாகத் தெரியும். இப்போது பைக்தான் அம்புலன்ஸ். ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் நோயாளி. அந்த நேரத்தில் காபரேட்டர் அடைத்திருந்தால், பிரேக் நனைந்திருந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. வண்டியைக் கவனிப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29, ஒரு ஐப்பசிக் காலை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் இல்லை. அது ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகள் சரிந்தன, ரோடுகள் அறுந்தன, மீண்டும் எங்கள் ஆட்கள் மண்ணுக்குள் போனார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு வண்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பாஸால் விரல்விட்டு எண்ணிச் சொல்ல முடிகிறது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு லயத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியாத இரகசியம் இல்லை. பாதுகாப்பான இடத்தில் காணி, சொந்தப் பெயரில் உறுதி, உறுதியான வீடு, அந்த வீட்டுக்கு ஒரு முகவரி, அதற்குப் போக ஒரு ரோடு. செய்ய வேண்டியவர்கள் பட்டியலைப் பல வருடமாகக் கையில் வைத்திருக்கிறார்கள்.

குதிரைக்கு லாயம் இருந்தது, துரையின் பைக்குக்குக் கராஜ் இருந்தது என்று எழுதினோம். இன்று எங்கள் பைக்குக்கு இஸ்தோப்பு இருக்கிறது. அந்த இஸ்தோப்பும் எங்களுக்குச் சொந்தமில்லை. ஒரு தகரத்தை நீட்டி வண்டிக்கு நிழல் போட வேண்டுமென்றால்கூட ஆபீசில் கேட்க வேண்டும். லீசிங் கட்டி முடித்து, சொந்தப் பெயரில் புத்தகம் வைத்திருக்கும் வண்டி, சொந்தமில்லாத கூரைக்குக் கீழே நிற்கிறது. எங்கள் தலைமுறையில் பலருக்குத் தம் பெயரில் பதிவான முதல் பெரிய சொத்து ஒரு பைக்தான். காணி இல்லை, வீடு இல்லை, பைக்.

இந்த ஐப்பசிக்கும் பெனரை விரிப்போம், டெப்பைப் பூட்டுவோம், பெட்டரியைக் கழற்றி உள்ளே வைப்போம். உங்கள் தாத்தா, மாமா யாராவது துரையின் வண்டியைத் துடைத்தவராகவோ, ஸ்டோரில் எஞ்சின் ஓட்டியவராகவோ இருந்தால், மழையால் வீட்டிலேயே இருக்கும் அந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வண்டியைப் பற்றித் தொடங்கினால் போதும். மற்றதெல்லாம் அவராகவே சொல்வார். கேட்டதை எழுதி வையுங்கள். எங்கள் தோட்டத்துச் சரித்திரத்தில் பெரும்பகுதி இன்னும் அப்படித்தான் யாருடைய இஸ்தோப்பிலோ மூடிக் கிடக்கிறது.